தாய்மாமனுக்கு மெயிலில் வந்த பத்திரிகை

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் நோயாளி வாயே திறக்கமாட்டான், கூட வந்தவர் "நான் ஒண்ணுமே தொடலை" என்பார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாம் வைத்தியம் பார்க்க வேண்டும்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் என் கடை. கீழே அண்டாவைத் தட்டித் தட்டி வாங்குவார்கள், மேலே நான் தலையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்ட பாவத்துக்காக, காதுகுத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் அடுத்தவர் போனைக் கையில் வாங்கிச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்காரர்

கந்தசாமி அண்ணன் ஹனூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்து தண்ணீர் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கடை போட்டு, நன்றாகவே இருக்கிறார். நான் அதற்குப் பக்கத்துக் கொள்ளேகால் என்பதால் அவர் கடைக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். தசரா முடிந்து சாமுண்டி மலை விளக்கைக்கூட இன்னும் கழற்றவில்லை, காலையில் போன் வந்தது. "சம்முகா, எம்புள்ளைக்குக் கல்யாணமாமா. விடிஞ்சதுலருந்து ஊரே போன் பண்ணி வாழ்த்துது. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

பெற்ற தகப்பனுக்கே தெரியாதது எனக்கு எங்கே தெரியும்? போய்ப் பார்த்தேன். அவருடைய மெயிலிலிருந்து, அவர் பேரிலேயே, தெரிந்தவர் அத்தனை பேருக்கும் ஒரு வாழ்த்து போயிருந்தது. தங்கக் கலரில் பிள்ளையார். கீழே இங்கிலீஷில், பெரியோர் ஆசியோடு எங்கள் இல்லத்துச் சுபகாரியத்துக்கு அழைக்கிறோம், பத்திரிகையைத் திறந்து பார்க்கவும் என்று நாலு வரி. அதற்கும் கீழே ஒரு ஃபைல். பார்த்தால் பத்திரிகை, உள்ளே இருப்பது வைரஸ். திறந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் திறந்தவருடைய பாஸ்வேர்டையும் முகவரிகளையும் சுருட்டிக்கொண்டு, அவர் பேரிலேயே அடுத்த ஊர்வலம் கிளம்பிவிடும். இந்த ஊர்வலம் மாநில எல்லையில் இருக்கிற பாலாற்றுச் செக்போஸ்ட் தாண்டி மேட்டூர் வரைக்கும் போயிருந்தது. மனுஷன் போனால்தான் அங்கே நிறுத்திக் கேட்பார்கள்.

அண்ணன் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், அதனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெண் நிவேதா, இங்கேயே ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். பிறந்து வளர்ந்தது மைசூர், வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி கன்னடம். காலேஜுக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்: "அண்ணா, எனக்கு மதுவே ஃபிக்ஸ் ஆகிடுச்சாமே, மாப்பிள்ளை ஹுடுகா யாருன்னு அந்த ஃபைல்ல இருக்கா பாருங்களேன்."

தெரிஞ்சவர் அனுப்பினது

மெயில் அண்ணன் பேரில் இருந்தாலும் அமுக்குகிற கை ஸ்டெல்லா அக்காவுடையது. கடைக் கணக்கு மொத்தமும் அவர்தான் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், மற்ற நாளில் கடையை ஆள்வார். அவருடைய மானிட்டருக்கு மேலே என் கையாலேயே ஒரு எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தேன். வாழ்த்து ஏதாவது வந்து திறந்தீர்களா என்று கேட்டேன். "நான் ஒண்ணுமே தொடலை" என்றார். இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பேசாமல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாம் கேட்பதை நிறுத்தினால் அவர்களாகவே சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

டீ பாதி இறங்கும்போது சொன்னார். சாமராஜநகர் டீலர் ஒருத்தரிடமிருந்து தசரா வாழ்த்து வந்ததாம். அம்பாரி யானைப் படமாம், அழகாக இருந்ததாம். அமுக்கினாராம், திறக்கவில்லையாம். கம்ப்யூட்டர் ஸ்லோ என்று நினைத்து மறுபடி மறுபடி அமுக்கினாராம். கடைசியில் திறக்காவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்று "உங்களுக்கும் அவ்வாறே" என்று பதிலும் அனுப்பியிருக்கிறார். ஐயோ அக்கா, மேலே என்ன எழுதி ஒட்டியிருக்கிறேன், படியுங்கள் என்றேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "'தெரியாதவர் அனுப்பும் வாழ்த்தைத் திறக்காதீர்கள்'னுதானே எழுதியிருக்கே? இவரை எனக்கு நல்லாத் தெரியுமேப்பா, போன கிறிஸ்துமஸுக்குக் கேக் குடுத்தனுப்பினேனே!"

திறக்கவே மாட்டேங்குது

எச்சரிக்கையைக் கிழித்து எடுத்துவிட்டு வேலையில் இறங்கினேன். பாஸ்வேர்டை மாற்றி, கம்ப்யூட்டரைத் துடைத்து, புதிதாக யாராவது உள்ளே வந்தால் அண்ணன் போனுக்குக் கேள்வி வருகிற மாதிரியும் வைத்தேன். அதற்குள் ஸ்டெல்லா அக்கா பொறுப்பாக ஒரு காரியம் செய்தார். எல்லாருக்கும் இன்னொரு மெயில்: "முன்பு அனுப்பிய அழைப்பிதழைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான். காலையில் வாழ்த்தியவர்கள் எல்லாரும் மத்தியானம் துக்கம் விசாரித்தார்கள். மேட்டூர்ப் பெரியம்மா போனிலேயே அழுதார். பெண் கேலி பேசிவிட்டுக் காலேஜுக்குப் போயிருந்தது, சாயந்தரம் வருவதற்குள் அதற்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றும் போய்விட்டது.

அப்புறம் ஒவ்வொருத்தராகப் பிடித்துப் பேசினேன். திறந்தீர்களா, திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றால், என்மேலேயே கோபப்படுகிறார்கள். பிரச்சினை வைரஸ் வந்தது இல்லையாம், பத்திரிகை திறக்காததுதானாம். ஒருத்தர் மகனை விட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறார், இன்னொருத்தர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போயிருக்கிறார். அண்ணன் கடைத் திறப்புவிழாவுக்குச் சமைத்த சமையல் காண்ட்ராக்டர் நேரிலேயே வந்துவிட்டார். வைரஸ் என்றால் என்ன, அது எப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் சுற்றுகிறது என்று அவருக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க தம்பி, காலைப் பந்திக்குக் கேசரியா, பாதாம் அல்வாவா, அதை மட்டும் சொல்லிடுங்க."

நஞ்சன்கூட்டுக் காப்பி

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. இனிமேல் நடந்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிவேதாவை நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு குடும்பம் உண்மையாகவே பெண் பார்த்துப் போயிருந்தது. பையனுக்கு ஹூப்ளியில் வேலை. ஜாதகம் பொருந்தி, பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போய், தசரா முடிந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்று இருந்தார்கள். ஜாதகம் போனதும் வந்ததும் கடை மெயிலில்தான். அதனால் தங்கப் பிள்ளையார் அவர்களுக்கும் போயிருந்தார். தாங்கள் கேட்டுவைத்திருக்கிற பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை, அதுவும் தங்களுக்கே! பையனின் அப்பா போனை எடுக்கவில்லை. அண்ணனின் மனைவி சரஸ்வதி அக்கா அழுது முகம் வீங்கிக் கிடந்தார். நின்னுபோன கல்யாணம்னு ஒரு தடவை பேராகிட்டா அந்தப் பேரை எந்த மருந்து போட்டுத் துடைப்பே தம்பி என்றார். நிவேதா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவங்க வீட்ல ஏதாவது சொன்னாங்களாண்ணா என்று கேட்டாள். காலையில் கேலி பேசிய பெண்ணா இது என்று இருந்தது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, பயமும் அப்போதுதான் வந்தது.

அண்ணனும் நானும் பஸ் பிடித்து நஞ்சன்கூடு போனோம். உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். சர்க்கரை இல்லை. அது மறதியா, பதிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் லேப்டாப்பை விரித்து, மெயில் எங்கிருந்து கிளம்பியது, எப்படி அண்ணன் பேரில் வந்தது என்று அரைமணி நேரம் விளக்கினேன். எனக்கே ரொம்பத் தெளிவாக இருந்தது. பையனின் அப்பா ரிட்டயர் ஆன ஃபேக்டரி சூப்பர்வைசர். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். "மெயில் உங்க மெயில்தானே?" "ஆமாங்க." "பேர் உங்க பேர்தானே?" "ஆமாங்க." லேப்டாப்பை அவரே மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். "தம்பி, தப்பு பண்ற பசங்க எல்லாரும் எங்க ஃபேக்டரியிலயும் மெஷின் மேலதான் பழியைப் போடுவாங்க."

தண்ணீர்கூட வேண்டாம்

மறுநாள் ஹனூரிலிருந்து இடி வந்து இறங்கியது. சரஸ்வதி அக்காவின் அண்ணன் பொன்னுசாமி, நிவேதாவுக்குத் தாய்மாமன். மஞ்சள் விவசாயம், கூடவே ஒரு மஞ்சள் மண்டியும். மண்டி பில்லுக்காக ஒரு மெயில் வைத்திருக்கிறார், அதற்கும் பிள்ளையார் போயிருந்தார். வெள்ளை வேட்டியோடு கடை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. மச்சான், வாங்க, உட்காருங்க என்று அண்ணன் ஓடினார். ஸ்டெல்லா அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். தொடவில்லை. "ஏனுங் மாப்ள, என்ற தங்கச்சி மக கல்யாணத்துக்கு எனக்கு மெயிலுல பத்திரிகை வெக்கற அளவுக்கு நீங்க பெரிய மனுசனாயிட்டீங்களாக்கும்?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் வீட்டு வாசலுக்குத் தாம்பாளத்தோடு போய் நிற்க வேண்டும். போனில் சொன்னாலே பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. மெயில் என்றால் தலைமுறைப் பகை. சரி, எங்களை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன். நானே போன் பண்ணிக் கேட்டா, பத்திரிகைக்கு நான் அலையற மாதிரி ஆயிராதா என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மாமா, அந்த ஃபைலைத் திறந்தீங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை பேரில், காலேஜ் புரொபசர், பேங்க் மேனேஜர், டாக்டர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அமுக்கித் தள்ளியிருக்க, வைரஸ் நுழையாத ஒரே கம்ப்யூட்டர் ஹனூர் மஞ்சள் மண்டியில் இருக்கிறதா என்று எனக்கு நப்பாசை வந்தது. அவர் சொன்னார்: "தாம்பாளத்துல வெச்சு என்ற வாசலுக்குக் கொண்டாந்தாத்தான் பத்திரிகையத் தொடுவேன். மெயிலுல வந்து உழுந்ததையெல்லாம் தொறந்து பாக்கறதுக்கு நானென்ன ரோட்டுல போறவனா?"

அத்தாட்சி

சந்தோஷத்தில் கை கொடுக்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை, கோபம் இன்னும் பாக்கியிருந்தது. சரஸ்வதி அக்கா வீட்டிலிருந்து ஓடிவந்து, அண்ணா, உங்களுக்கு வெக்காம நான் யாருக்கு வெப்பேன், எம்புள்ளைக்கு நிச்சயமே ஆகலைண்ணா, இருக்கற சம்பந்தமும் போகப்போகுதுண்ணா என்று அழுதபிறகுதான் உள்ளே வந்தார். உள்ளே வந்ததும் முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் குடித்தார். "நஞ்சங்கூட்டுக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

நான் லேப்டாப்பை எடுத்தேன். அதை வெச்சுட்டு வா என்றார். நஞ்சன்கூட்டில் இந்தத் தடவையும் உட்காரச் சொன்னார்கள், காப்பி வருகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பொன்னுசாமி மாமா துண்டைச் சரிபண்ணிக்கொண்டு நேராகக் கேட்டார். "ஏனுங்க, உங்க ஊட்டுல கல்யாணம்னா மொதப் பத்திரிகை யாருக்குங்க வெப்பீங்க?"

"குலசாமிக்கு."

"அடுத்தது?"

"தாய்மாமனுக்கு."

"நாந்தானுங்க தாய்மாமன். எனக்கு இன்னும் யாரும் வந்து வெக்கலை. எனக்கே வெக்காத பத்திரிகை உங்களுக்கு வந்துருக்குன்னா, அது எங்க ஊட்டுப் பத்திரிகையா இருக்குமுங்களா? என்ற தங்கச்சியும் அவ ஊட்டுக்காரரும் ஏமாளியா இருக்கலாமுங்க, என்னையத் தாண்டிப் பொண்ணக் குடுக்கற தைரியம் ரெண்டு பேருக்கும் கெடையாது."

பையனின் அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, ஏம்மா, எல்லாருக்கும் காப்பி கொண்டா, சர்க்கரையைத் தாராளமாப் போடு என்றார். எனக்கு உயிர் வந்தது. காப்பி கொடுக்கும்போது என்னைப் பார்த்து வருத்தமாகக் கேட்டார்: "இவ்வளவு லேசான விஷயத்தை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல தம்பி, எதுக்கு அந்தப் பொட்டியைத் தூக்கிட்டு வந்து எங்களைக் குழப்பினீங்க?"

தலைதீபாவளி

தை மாதம் கல்யாணம். பத்திரிகை குலசாமிக்கு அடுத்து ஹனூருக்குப் போனது, தாம்பாளம், வெற்றிலைபாக்கு, பழம், எல்லாம் முறைப்படி. எனக்கும் மாடியேறி வந்து வைத்தார்கள். காலைப் பந்தியில் கேசரி, பாதாம் அல்வா இரண்டுமே இருந்தன. நிவேதா ஹூப்ளிக்குப் போனாள். அன்றிலிருந்து நான் கஸ்டமர்களிடம் தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் பேசுவதில்லை. மெயிலில் வாழ்த்தோ அழைப்போ வந்தால் உடனே கோபித்துக்கொள்ளுங்கள், நேரில் வந்து சொல்ல உனக்குக் கால் இல்லையா என்று அனுப்பியவரையே போனில் பிடித்துக் கேளுங்கள் என்கிறேன். பாஸ்வேர்டு, ஃபைல், லிங்க் என்றால் கொட்டாவி விடுகிறவர்கள், கோபித்துக்கொள்ளச் சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். இப்போது என் கஸ்டமர்களில் யாருக்கும் வாழ்த்தால் வைரஸ் வருவதில்லை. உறவில் ஆங்காங்கே மனஸ்தாபம் வருகிறது, அது என் சர்வீஸில் சேராது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் கந்தசாமி அண்ணன் போன் பண்ணினார். தலைதீபாவளிக்கு அவரும் அக்காவும் ஹூப்ளிக்கே போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று நிவேதா வாழ்த்து மெயிலும் புடவை கட்டின போட்டோக்களும் அனுப்பிவிட்டாளாம். சரஸ்வதி அக்கா திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாராம். வந்து பார்த்துச் சொல்லு சம்முகா, அவ சாப்பிடவே இல்லை என்றார். போனேன். நிவேதாவுக்கே போன் போட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, எல்லாச் சோதனையும் செய்தேன். நல்ல மெயில்தான் அக்கா, ஒரு பூச்சி பொட்டு இல்லை, நம்ம நிவேதாவே அனுப்பினது, தைரியமாகத் திறங்கள் என்றேன்.

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் புதுப்புடவை, மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி சட்டை, எல்லாம் பெட்டி பிரிக்காமல் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு நிதானமாகத் தலையாட்டினார். "அவ அனுப்பினதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஆனா மெயில்ல வந்த வாழ்த்தைத் திறக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நீதானே சொல்றே. அம்மா திறக்க மாட்டேங்கறா, நேர்ல வந்துதான் சொல்லணுமாம்னு நீயே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

போன் போட்டேன், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ரயிலில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். என் தொழிலில் இதுவரைக்கும் சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்ட ஒரே கஸ்டமர் சரஸ்வதி அக்காதான், அதுவும் நல்ல மெயிலுக்கு.